டப்பாவில் சிரிக்கிற பிள்ளை

…காது, காதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம், கண்ணும் மூக்கும் எங்கே ஓடிவிடப் போகின்றன, அவைதான் ஊரெல்லாம் இறைந்து கிடக்கின்றனவே, பிஸ்கட் டப்பா மூடியில், குடையில், துணிப்பையில், பல் டாக்டர் அறைச் சுவரில், போன வாரம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் செல்போன் உறையில்கூட, ஆனால் காது மட்டும் எதிலும் இல்லை, முகம் கொஞ்சம் திரும்பியிருப்பதால் ஒரு காது மறைவு, தெரிய வேண்டிய காதையோ டப்பா வட்டம் என்பதற்காக விளிம்போடு விளிம்பாக நறுக்கிவிட்டார்கள், பின்னால் வந்தவர்களும் மூலப் படத்தை எங்கே கண்டார்கள், டப்பாவைப் பார்த்துத்தானே அச்சடித்தார்கள், அதனால் உலகத்தில் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அத்தனையும் காதில்லாத பிள்ளைகள். பெற்ற பிள்ளையின் காது ஒட்டியிருந்ததா, விரிந்திருந்ததா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் சிரிக்க மாட்டார்களா, இல்லை, சிரிக்க மாட்டார்கள், பாவப்படுவார்கள், அது அதைவிடக் கொடுமை. வரிசை ஓரடி நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்ளோ நேரம்டி" என்றார். படத்தை வரைந்த மனுஷனே அதைப் பார்க்க டிக்கெட்டோடு வரிசையில் நிற்கிற கூத்து வேறெங்காவது நடக்குமா... மகள்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள், இன்றைக்குக் கடைசி நாளாம், நாளைக்குப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, அன்றைக்கு வாங்கியவருடைய பேரன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம், அப்புறம் யார் கண்ணிலும் படாதாம். "போய்ப் பாத்துட்டு வாம்மா, பாக்காம விட்டுட்டேனேன்னு அப்புறம் என்கிட்ட பொலம்பாத" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

ஒரு போட்டோ, ஒரே ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்தக் கதியே இல்லை, மேல்மாடியில் குடியிருந்த தபால்காரரிடம் காமிரா இருந்தது, நல்ல மனிதர், "பிள்ளையக் கூட்டிட்டு வாங்கம்மா, ஒண்ணு எடுத்துத் தர்றேன்" என்று அவராகவே வாய்விட்டுக் கேட்டார், அவளும் பிள்ளைக்குத் தலைவாரிச் சட்டை மாட்டிப் படியேறப் போனாள், இவர்தான் குறுக்கே வந்து நின்றுகொண்டு, "ஓவியன் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டோவா, நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ?" என்றார். அடுப்பு எரியாவிட்டாலும் ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லாத வயசு. ஆனால் அவளுக்கு மட்டும் உள்ளூரப் பெருமை இல்லையா என்ன, பொய் சொல்லக் கூடாது, ஏறிய படியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவள் அவள்தானே... யார் வீட்டிலாவது இப்படி ஒரு புத்திகெட்ட காரியம் நடக்குமா, படம் போடுகிறவன் வீட்டில்தான் நடக்கும். ஒரு கல்யாணக் கூட்டப் படத்தில் மட்டும் அவன் இருக்கிறான், இருக்கிறான் என்றா சொல்வது, காமிராவைச் சொடுக்குகிற நேரம் பார்த்துக் கீழே கிடந்த எதையோ பொறுக்கக் குனிந்துவிட்டான், உச்சந்தலைச் சுழி மட்டும் தெரியும். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் இவர் அவனைச் சமையலறை ஜன்னலோரம் முக்காலியில் உட்கார வைத்து அந்தப் படத்தைப் போட்டார், வர்ணம் காய்வதற்குள் காய்ச்சல் வந்தது, சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள், நாலு வயது முடியவில்லை, போய்விட்டான். இதை நினைத்தால் இப்போதெல்லாம் அவளுக்கு அழுகை வருவதில்லை, வாய் மட்டும் உலர்ந்து போகும்.

படத்தை விற்கச் சொன்னதும் அவள்தான், "இத என் கண்ணு முன்னாடி வெக்காதீங்க, ஒண்ணு இது இருக்கணும் இல்ல நான் இருக்கணும்" என்று கத்திய கத்தலில் இவர் அரண்டுபோய், பிஸ்கட் கம்பெனி முதலாளி கேட்ட மறுநாளே தூக்கிக் கொடுத்துவிட்டார், பெரிய மனிதர், வரவேற்பறையில் மாட்டிக்கொள்வார், மாட்டிவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தார்கள், அவர் மாட்டவும் செய்தார், டப்பாவில் போடவும் செய்தார். முதன்முதலில் கண்டது மளிகைக் கடையில், கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் அலமாரி முழுக்க அவன், மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் அவனே, ஒருவன் மேல் ஒருவனாக அடுக்கி வைத்திருந்தார்கள், "என்னம்மா வேணும்?" என்று கடைக்காரர் கேட்க, அவள் விரலை நீட்டி, "அந்தப் பிள்ளை" என்றாள். அவர் டப்பாவைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கையில் வாங்கியபோது வெறுப்பாக இல்லை, அதுதான் ஆச்சரியம், சுவரில் இருந்தபோது நெஞ்சை அறுத்த முகம் டப்பாவில் அறுக்கவில்லை, பார்க்க முடிந்தது, துடைக்க முடிந்தது, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க முடிந்தது. ஒன்று இரண்டானது, இரண்டு பத்தானது, ஊசிநூல் ஒன்றில், பட்டன் ஒன்றில், மாத்திரை ஒன்றில், பிற்பாடு பிறந்த மகள் அண்ணனோடு பழகியதே டப்பாவில்தான், "அம்மா, கத்திரிக்கோல அண்ணன்ல வெச்சிருக்கேன்" என்பாள், யாரும் சிரிக்க மாட்டார்கள், அந்த வீட்டில் அது சாதாரணப் பேச்சு. "அண்ணன் எப்டிம்மா இருப்பான்?" என்று அவள் கேட்டால், "பாக்கறியே, இப்டித்தான், எப்பவும் சிரிச்ச மொகம், காய்ச்சல்லகூடச் சிரிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தான்" என்று சொல்லுவாள், எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் காலத்தை ஓட்டினாள், ஓட்டிக்கொண்டே வந்து, சமீபத்தில் ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் சும்மா கண்ணை மூடி அவனை நினைத்துப் பார்த்தாள்... நடையில் ஓடி வருகிறான், ஓடி வருகிறவனைச் சுற்றி ஒரு வட்டம், தலைக்கு மேலே வளைவாகக் கம்பெனிப் பெயர். கண்ணைத் திறந்து மறுபடி மூடினாள், மறுபடியும் வட்டம், தூங்குகிறான், வட்டம், குளிப்பாட்டுகிறாள், வழுக்கிக்கொண்டு நிற்கிறான், அப்போதும் வட்டம், எவ்வளவு முட்டிப் பார்த்தும் டப்பாவைக் கழற்றிவிட்டு அவனை மட்டும் வெளியே எடுக்க முடியவில்லை, காது எங்கே என்று தேடியது அன்றைக்குத்தான். மூலப் படத்தைப் பார்த்தால் சரியாகிவிடும், அவன் எதிரே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது போட்ட படமல்லவா, அதை ஒருமுறை கண்ணாரப் பார்த்து, டப்பா முகத்தைக் கழுவிக் கொட்டிவிட்டு, பிள்ளையின் சொந்த முகத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். வேறொன்றும் அவளுக்கு வேண்டியதில்லை.

உள்ளே விட்டார்கள். குளிர்ந்த கூடம், வெள்ளைச் சுவர், சுவருக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு, கோட்டை ஒட்டி முதுகு முதுகாக ஜனம், முதுகுகளுக்கு நடுவே படம் தெரியவில்லை, பேச்சுதான் கேட்டது, "இவ்ளோ சின்னதா?", "கலரே இல்ல பாரேன், டப்பாவுல என்ன பளிச்சுன்னு இருக்கும்", "ஒரிஜினல்னு இதைத்தான் இத்தனை நாளா பூட்டி வெச்சிருந்தாங்களா", யாரோ ஒருவர் கொட்டாவிகூட விட்டார். அவளுக்குக் கோபம் வந்தது, வரட்டும், கோபப்பட்டு என்ன செய்ய முடியும், ஒவ்வொருவர் தோளையும் தட்டி, இது என் பிள்ளை, மரியாதையாகப் பேசுங்கள் என்றா சொல்ல முடியும். இவர் சுவரில் ஒட்டியிருந்த குறிப்பைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார், படித்துவிட்டு அவள் காதோரம் குனிந்து, "மறைந்த ஓவியர்னு போட்டிருக்காங்கடி, என்னைக் கொன்னுட்டாங்க" என்றார். "போய்ச் சொல்லுங்களேன்." "என்னன்னு சொல்றது, சாகலைன்னா? அத்தாட்சி கேப்பாங்க, எங்க போறது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. முன்னால் நின்ற முதுகு ஒன்று விலகியது.

காது இல்லை, அதாவது இருந்தது, தலைமுடிக்குக் கீழே பழுப்பு வர்ணத்தில் ஒரு தீற்றல், அவசரத்தில் இழுத்துவிட்ட ஒரே ஒரு தீற்றல், மடலும் இல்லை மடிப்பும் இல்லை... இதற்காகவா, என்று இவரைத் திரும்பிப் பார்க்கப் போனவள் பார்க்கவில்லை, ஏனென்றால் வாயைப் பார்த்துவிட்டாள். பிள்ளை சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கி, கீழுதடு ஒரு நூல் பிதுங்கி, யாரோ எதையோ தர மாட்டேன் என்று சொன்னதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படம் மாறிவிட்டதோ என்று இரண்டு பக்கமும் பார்த்தாள், வேறு படம் எதுவும் இல்லை, முக்காலி அதே முக்காலி, ஜன்னல் அதே ஜன்னல், நெற்றியில் விழுந்த முடி, சட்டையில் ஒரு பித்தான் இல்லாதது, மழைநாள் வெளிச்சம், எல்லாம் அதே, வாய் மட்டும் வேறு யார் வீட்டுப் பிள்ளையுடையதோ. டப்பா முகத்தைக் கழுவத்தானே வந்தாள், எதை வைத்து எதைக் கழுவுவது, சிரித்தானே, எப்போதும் சிரிப்பானே, காய்ச்சலில்கூட... காய்ச்சலில் எந்தப் பிள்ளையாவது சிரிக்குமா? இப்படி ஒரு கேள்வியை அவள் இத்தனை வருஷத்தில் கேட்டுக்கொண்டதே இல்லை.

நீலக் கோட்டு போட்ட ஒரு பெண், இங்கே வேலை செய்கிறவள் போலிருக்கிறது, ஒரு கும்பலை நிறுத்தி வைத்து விளக்கிக்கொண்டிருந்தாள், "நல்லாப் பாருங்க, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தச் சிரிப்பு இதுல கிடையாது, அது பிஸ்கட் கம்பெனியில இருந்த ஒரு ஆர்ட்டிஸ்ட் டப்பாவுக்காக மாத்தினது, உதட்டு ஓரத்தை ரெண்டு பக்கமும் லேசாத் தூக்கி விட்டிருக்காரு, அவ்ளோதான், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கற பிள்ளையை டப்பாவுல போட்டா யாரு வாங்குவாங்க?" கும்பல் சிரித்தது, ஒரு அம்மாள், "என்ன இருந்தாலும் டப்பாவுலதான் லட்சணம்" என்றாள், எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உதட்டு ஓரத்தை லேசாகத் தூக்கிவிட்டார், அவ்வளவுதான், ஒரு சம்பளக்காரர், பாவம் யாரோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்து போயிருப்பார், அந்த இரண்டு இழுப்பைத்தான் அவள் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள், அதைத்தான் மகளுக்கு அண்ணன் என்று காட்டினாள். அவள் இவர் சட்டைக் கையைப் பிடித்தாள், "ஏங்க, சிரிச்சான்ல?" "சிரிச்சான்" என்றார் அவர், பட்டென்று, "சிரிக்க வெச்சுத்தான் போட்டேன், பிரஷ்ஷ மூக்குல வெச்சுக்கிட்டு ஆட்டிக் காட்டினேன், கெக்கெக்கேன்னு சிரிச்சான், இவளுக்கு என்ன தெரியும், இது பின்னால எவனோ கை வெச்சிருக்கான், என் படமே இல்ல இது." அவளுக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் எவ்வளவு நேரம் நின்றது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே போனார், காலை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார், மூலையில் நின்ற காவல்காரர், "ஐயா, கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்க, படத்துகிட்டப் போகக் கூடாது" என்றார், அதட்டவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரிதான் சொன்னார், இவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரியே காலை எடுத்துக்கொண்டார். அங்கிருந்தே தலையைச் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, இந்தப் பக்கம் சாய்த்து, உதட்டுக்குக் கீழே இருந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கப் பார்க்க அவர் தோள் இறங்கிக்கொண்டே வந்தது, அவள் அதைப் பின்னாலிருந்து பார்த்தாள். திரும்பி வந்து, "என் கைதான்டி" என்றார். "அந்த எடத்துல கட்டைவிரலால தேய்ச்சு விடுவேன், வேற எவனும் செய்ய மாட்டான்." "அப்ப சிரிக்கலையா?" அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினார். "பிரஷ்ஷ மூக்குல வெச்சு ஆட்டினேன்னீங்க?" "ஆட்டினேன்னுதான் நெனச்சேன்..." என்று இழுத்தார், "ஞாபகம் இல்லடி, எனக்கும் டப்பாதான் வருது." உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி, எதிரே உட்கார்ந்து வரைந்த சாட்சி, அதுவும் இத்தனை வருஷமும் அதே டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றுகொண்டிருந்த சாட்சி. இவரைத் திட்டலாம், தாராளமாகத் திட்டலாம், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்டு வரவில்லை.

ஒரு சின்னப் பெண்ணும் அவள் கூட்டாளியும் அவளிடம் வந்து, "ஆன்ட்டி, ஒரே ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா, படமும் சேந்து வரணும்" என்று செல்போனை நீட்டினார்கள், வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, கை தானாக வாங்கிக்கொண்டது. இரண்டு பேரும் படத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, பிள்ளையைப் போலவே உதட்டைப் பிதுக்கி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், நடுவில் அவன், மூன்று பேரும் அவளைத்தான் முறைத்தார்கள். அழுத்தினாள், எடுத்துவிட்டது, இவ்வளவு சுலபமா, இந்த ஒரு அழுத்தலுக்காகவா அன்றைக்குப் பாதிப் படியிலிருந்து இறங்கினாள்... "தேங்க்ஸ் ஆன்ட்டி." அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஐயே, இவன் ரொம்பக் கோவக்காரன்" என்றாள், கூட்டாளி, "டப்பாவுலதான் க்யூட்டு" என்றான். அவள் சுவரிலிருந்த பிள்ளையை மறுபடி பார்த்தாள், இன்னும் கொஞ்சம் பார்த்தால் ஏதாவது வரும், மார்பு ஊறுகிற மாதிரி ஏதாவது, வயிற்றைப் பிசைகிற மாதிரி ஏதாவது, வரும் வரும் என்று நின்றாள், வந்தது என்னமோ ஐயோ பாவம் என்பதுதான், அடுத்த வீட்டுப் பிள்ளை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தால் வருமே, அந்த ஐயோ பாவம். பெற்றவளுக்கு இது போதுமா, இது என்ன மனசு, கல்லா மண்ணா. பின்னால் வரிசை நெருக்கியது, நீலக் கோட்டுப் பெண், "பாத்தவங்க நகருங்க, இன்னும் நிறையப் பேர் நிக்கறாங்க" என்றாள். நகர்ந்தார்கள்.

வெளியே போகிற வழி ஒரு சுழல் கம்பிக் கதவு, அதைத் தாண்டினால் நேரே ஒரு கடை, கடைக்குள் நுழையாமல் தெருவுக்குப் போக முடியாதபடி கட்டி வைத்திருந்தார்கள், உள்ளே கால் வைத்ததும் அலமாரி முழுக்கச் சிரித்தான். கோப்பையில் சிரித்தான், தலையணை உறையில் சிரித்தான், குடையை விரித்து மேலே தொங்கவிட்டிருந்தார்கள், அண்ணாந்து பார்த்தால் அங்கிருந்தும் சிரித்தான், அவளுக்கு நெஞ்சுக்குள் அடைத்திருந்தது சட்டென்று இறங்கியது, அப்பாடா, இங்கே இருக்கிறான், எங்கேயும் போகவில்லை, என்று கால் தானாக இரண்டெட்டு முன்னால் வைத்தது, மார்பு ஊறியதே, அங்கே வராதது இங்கே வந்ததே... வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, யாரைப் பார்த்து இப்படிப் பூரித்துப் போகிறாள், அந்தச் சம்பளக்காரரின் இரண்டு இழுப்பைப் பார்த்தா? வெட்கமாக இருந்தது, வெட்கப்பட்டும் நெஞ்சு இறங்கினது இறங்கினதுதான், அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. இவர் ஒரு டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன நினைத்தாரோ, கட்டைவிரலால் அதன் வாயை மூடினார். "இங்க பாருடி" என்றார்.

விரலுக்கு மேலே கண் மட்டும். அந்தக் கண்ணில் சிரிப்பே இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, இத்தனை டப்பாவிலும் கம்பெனிக்காரர் வாயைத்தான் தூக்கிவிட்டார், கண்ணைத் தொடவில்லை, கண் பாட்டுக்குத் தினமும் முறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, அவள்தான் வாயைப் பார்த்தே பழகிவிட்டாள். "உம்மணாமூஞ்சி" என்றது அவள் வாய். அவள் சொல்லவில்லை, வாய் சொன்னது. இவர், "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல." உம்மணாமூஞ்சி, டேய் உம்மணாமூஞ்சி, வாடா, இங்க பாருடா... யார் குரல் இது, யாரை யார் கூப்பிட்டது, அவள் அம்மா அவளைக் கூப்பிட்டதா, அவள் அவனைக் கூப்பிட்டதா, நாக்கு இவ்வளவு பழக்கமாகப் புரள்கிறதே, தினம் பத்துத் தடவை சொன்ன நாக்கு அல்லவா இப்படிப் புரளும். போய் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த முகத்துக்கு முன்னால் நின்று இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும், பொருந்துகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம், நாளைக்குப் பெட்டிக்குள் போய்விடுவான். இவர் கூப்பிடக் கூப்பிட அவள் சுழல் கதவுக்குத் திரும்பிப் போனாள், கம்பி இந்தப் பக்கமிருந்து சுற்றவில்லை, தள்ளிப் பார்த்தாள், இரண்டு கையாலும் தள்ளினாள்.

"அம்மா, இது வெளிய வர்ற வழி, திரும்ப உள்ள விட மாட்டாங்க" என்றார் அங்கே நின்ற காவல்காரர், வயசானவர், நல்லவராகத்தான் தெரிந்தார். "ஒரு நிமிஷம்ப்பா, போயிட்டு உடனே வந்துடறேன்." "டிக்கெட் ஒரு தடவைக்குத்தாம்மா, முன்வாசலும் மூடிட்டாங்க." அவள் கம்பியை விடவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ள யாரையாச்சும் விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமா." "யாரு, பேரப்பிள்ளையா?" "பிள்ளை." அவர் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தார், "பயப்படாதீங்க, பேரைச் சொல்லுங்க, உள்ள மைக்ல கூப்பிடச் சொல்றேன், தானா வந்துடுவான்." பெயர்... பெயர் இருக்கிறது, வைத்த பெயர், நல்ல பெயர், அவன் போன பிறகு வீட்டில் ஊரில் எல்லோரும் மரியாதையாகச் சொன்ன பெயர், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் வர மாட்டான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், முகத்தை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் வெட்டிக்கொள்வான், அப்படித்தான் அவன், பிடிவாதக்காரன், அவளுக்குத் தெரியாதா... தெரியுமா, இல்லை இப்போது உள்ளே பார்த்துவிட்டு வந்ததைத்தான் தெரியும் என்கிறாளா? காவல்காரர் வாக்கிடாக்கியை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.